கினிப்பன்றி பொரிக்குப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன: வீட்டில் என்ன செய்யலாம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து வெருலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் பொரி, கடலை என்று இரண்டு ஆண் கினிப்பன்றிகள். பொரிக்கு 6 வயது தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு வரை நன்றாக இருந்தவன், சனிக்கிழமை காலையில் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு முன்னங்காலால் ஊர்ந்திருக்கிறான். பக்கத்தில் உள்ள டாக்டர் வலிக்கு ஊசி போட்டு, திங்கட்கிழமை எக்ஸ்ரே எடுக்கலாம் என்றாராம். கூடவே, வயதாகிவிட்டதே, கருணைக்கொலையையும் யோசித்து வையுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். திங்கள் வரை என்ன செய்வது, இது குணமாகுமா, கடலையைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா, 9 வயது மகளுக்கு என்ன சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, நான் டர்பனில் ஒரு விலங்கு மருத்துவமனையில் 17 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். வீட்டிலும் வயதான கினிப்பன்றிகளை வைத்துப் பார்த்திருக்கிறேன். மருந்து எழுதித் தர எனக்கு உரிமை இல்லை, அது டாக்டரின் வேலை. ஆனால் இரவு பகல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்ல முடியும். முதலில் ஒன்று: இன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள். கால் விழுந்ததால் மட்டும் ஒரு கினிப்பன்றி இரண்டு நாளில் சாகாது. வயிறு காலியாகக் கிடந்தால் சாகும், மூத்திரம் வெளியே போகாமல் நின்றால் சாகும், வலியில் சாப்பாட்டை மறந்தால் சாகும். இந்த மூன்றையும் திங்கள் வரை நீங்கள் பார்த்துக்கொண்டால், காலுக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு நேரம் கிடைக்கும்.

கால் விழுவது ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அதுவும் ஓர் அறிகுறிதான். பார்க்க ஒரே மாதிரி இருந்த மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு ஆயா, நான்கு வயதுப் பெண் கினிப்பன்றி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பின்னங்கால் இரண்டும் நீட்டியபடி கிடந்தன. முட்டி வீங்கியிருந்தது, தொட்டால் கத்தியது. விசாரித்தால், பெரிய மூட்டை பெல்லட் (கடையில் விற்கும் காய்ந்த குச்சித் தீவனம்) வாங்கிப் பல மாதமாக அதையே போட்டிருக்கிறார்கள், பச்சைக் கீரை கண்ணில் காட்டவில்லை. வைட்டமின் சி குறைபாடு. மருந்து தொடங்கிய ஒரு வாரத்தில் எழுந்து நின்றது, மூன்றாம் வாரம் நடந்தது. இன்னொன்று தீபாவளி இரவில் வந்தது. பக்கத்து வீட்டு வெடிச் சத்தத்தில் மிரண்டு துள்ளி, கூண்டின் மேல் கம்பியில் மோதியிருக்கிறது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு முறிந்திருந்தது, விரலில் உணர்ச்சியே இல்லை. அன்றிரவே கருணை ஊசி போட்டு அனுப்பி வைத்தோம். மூன்றாவது என் கருப்பி. ஐந்தரை வயது. ஒரு நாள் காலை பின்னங்காலை ஊன்ற மறுத்து வயிற்றோடு கிடந்தாள். முடிந்துவிட்டது என்று நானே நினைத்தேன். எக்ஸ்ரே எடுத்தால் மூத்திரப் பையில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கல். காலில் ஒரு கோளாறும் இல்லை, வலிதான் அவளை அசையவிடாமல் வைத்திருந்தது. கல்லை எடுத்த பிறகு இன்னும் 14 மாதம் இருந்தாள்.

அதனால்தான் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னால் ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரு வார்த்தையை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். இவை 5 முதல் 8 ஆண்டு வரை வாழும். 6 வயது முதுமைதான், மறுக்கவில்லை. ஆனால் முதுமைக்குள்ளேயும் குணமாகிற காரணங்கள் இருக்கின்றன.

‘திடீரென்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள், ஏனென்றால் திங்கட்கிழமை டாக்டருக்கு மிகவும் உதவப்போவது உங்கள் ஞாபகம்தான். காட்டில் எல்லாருக்கும் இரையாக இருந்த பிராணி இது. நோவை வெளியே காட்டினால் கழுகோ நரியோ தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. முதுகெலும்பில் மூட்டுத் தேய்மானம் பல மாதமாக வளர்ந்திருந்தாலும், தாங்க முடியாத நாள் வரை மறைத்துவிட்டு, ஒரே காலையில் விழும். நமக்கு அது திடீர். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் பொரி மேலே ஏறுவதை விட்டுவிட்டானா? சந்தோஷத்தில் துள்ளுவானே, அது எப்போது நின்றது? மூத்திரம் போகும்போது கீச்சென்று கத்தினானா? விரிப்பு வழக்கத்தைவிட அதிகமாக நனைந்ததா, ரத்தக் கறை இருந்ததா? பின்னங்கால் நகங்கள் தேயாமல் சுருண்டு வளர்ந்தனவா? மகள் கையிலிருந்து, சோபாவிலிருந்து விழுந்தானா? (விழுந்திருந்தால் குழந்தை பயந்து சொல்லாமல் இருக்கலாம். திட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.) தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, வட்டமாகச் சுற்றுகிறானா? தலை சாய்ந்தால் காது அல்லது மூளைப் பக்கம் சந்தேகம் போகும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். டாக்டர் முன்னால் நின்றால் பாதி மறந்துபோகும்.

நீங்களே மெதுவாகப் பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, வயிற்றின் கீழே கையைக் கொடுத்துத் தாங்கி, ஒரு பின்னங்காலின் மேல்புறம் தரையில் படும்படி மடக்கி வையுங்கள். உணர்வு ஓடுகிற காலை அவன் உடனே திருப்பிச் சரியாக வைத்துக்கொள்வான். அப்படியே விட்டுவிட்டால் நரம்பில் பாதிப்பு இருக்கிறது. இதற்கு மேல் போகாதீர்கள். சிலர் விரலை அழுத்திக் கிள்ளிப் பார்க்கச் சொல்வார்கள், அது டாக்டர் செய்ய வேண்டியது. கால் சுருங்குவது வேறு, வலியை மூளை உணர்ந்து அவன் திரும்பிப் பார்ப்பது அல்லது கத்துவது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.

சரி, இன்றிரவு என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

முதுகில் அடி இல்லை என்று தெரியும் வரை, அடி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடியாட முடியாதபடி, சுமார் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் வையுங்கள். மாடி, சாய்வுப் பலகை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தூக்கும்போது இரண்டு கையும் வேண்டும், மார்புக்கு ஒன்று, பிட்டத்துக்கு ஒன்று. துண்டோடு சேர்த்துத் தூக்குவது இன்னும் நல்லது. காலைப் பிடித்து நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுங்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பயிற்சி நல்லதுதான், ஆனால் எக்ஸ்ரேக்குப் பிறகு. முறிந்த முதுகெலும்பில் பயிற்சி கொடுத்தால் மிச்சமிருக்கும் நரம்பும் போய்விடும்.

விரிப்புக்கு மரத்தூள் வேண்டாம். நனைந்த தூள் வயிற்றில் ஒட்டிப் புண்ணாக்கும். அடியில் உறிஞ்சும் துணி அல்லது குழந்தைகளின் நாப்பி, மேலே கம்பளி மாதிரியான ஃபிளீஸ் துணி. ஃபிளீஸில் ஈரம் கீழே இறங்கிவிடும், மேல்பக்கம் காய்ந்திருக்கும். துணியைப் புதிதாக வாங்கியிருந்தால் இரண்டு மூன்று முறை துவைத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரை உறிஞ்சாது.

இப்போது குளிர்காலம். டர்பன் பக்கம் குளிர் பெரிதில்லை என்று நாம் நினைப்போம், ஆனால் ஜூன், ஜூலை இரவில் 11 பாகை வரை இறங்கும். நடமாட முடியாத உடம்பு சூட்டை இழந்துகொண்டே இருக்கும். சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் நன்றாகச் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அவன் விலகிக்கொள்ள இன்னொரு பக்கம் வேண்டும். கால் வராதவனால் விலக முடியாமல் போகலாம், அதனால் அரை மணிக்கு ஒரு தரம் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உணர்ச்சி இல்லாத காலில் சூடு பட்டுக் கொப்பளித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சாப்பாடு. இதில்தான் உயிர் இருக்கிறது. கினிப்பன்றியின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 12 மணி நேரம் காலியாக இருந்தாலே ஆபத்து தொடங்கும், 24 மணி நேரம் ஆனால் குடல் நின்று காற்று நிரம்பிவிடும். அதனால் உலர்புல் அவன் வாய்க்கு எட்டும் இடத்தில், மூன்று பக்கமும் இருக்கட்டும். இந்த நாட்டில் கிடைக்கிற டெஃப் புல்லும் எரகுரோஸ்டிஸ் புல்லும் போதும். வெளிநாட்டிலிருந்து வரும் திமோத்தி புல்லுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. லூசர்ன், அதாவது குதிரைமசால், மணமாக இருப்பதால் விரும்பிச் சாப்பிடுவான். ஆனால் அதில் கால்சியம் அதிகம், வளர்ந்தவர்களுக்குத் தினசரித் தீவனமாகக் கூடாது. சாப்பிடவே மறுக்கிறான் என்றால் ஆசை காட்ட ஒரு பிடி கொடுக்கலாம். தண்ணீர்ப் புட்டியின் முனையைப் படுத்த நிலையில் எட்டும் உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள், பக்கத்தில் ஒரு தட்டையான கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள்.

அவனாகச் சாப்பிடுகிற அளவு போதுமா என்று கண்ணால் சொல்ல முடியாது. சமையலறைத் தராசு சொல்லும். தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஒரு நாளில் 20, 30 கிராம் ஏறி இறங்குவது வழக்கம். 50 கிராம் குறைந்தால் சிரிஞ்சில் ஊட்ட ஆரம்பிக்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால் அவசரம்.

ஊட்டுவது இப்படி. அவன் சாப்பிடும் பெல்லட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மசித்துக் கூழாக்குங்கள். நோயாளிகளுக்கென்றே வரும் மாவு டாக்டரிடம் கிடைத்தால் அது இன்னும் நல்லது. ஊசியில்லாத 1 மில்லிலிட்டர் சிரிஞ்சு எடுத்து, குறுகிய முனையை வெட்டி, ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். துண்டில் சுற்றி, நிமிர்ந்த நிலையில் மடியில் வைத்து, முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்துக் கொடுங்கள். கொஞ்சம் விடுங்கள், மென்று விழுங்கட்டும், பிறகு அடுத்தது. மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டவே கூடாது, கூழ் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒன்றுமே சாப்பிடாதவனுக்கு ஒரு கிலோ எடை என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 60 மில்லிலிட்டர் வேண்டும், அதாவது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 10 மில்லிலிட்டர். நடு இரவிலும் ஒரு தரம் எழுந்திருக்க வேண்டியிருக்கும், கைக்குழந்தை வைத்திருப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வயிறு உப்பி, தட்டினால் மத்தளம் மாதிரி ஒலித்தால் ஊட்டாதீர்கள். அது காற்று அடைத்த வயிறு. திங்கள் வரை காத்திருக்காமல் அவசர மருத்துவமனைக்கு அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வைட்டமின் சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மைப் போலவே கினிப்பன்றிக்கும் அதை உடம்பிலே தயாரிக்கும் திறன் இல்லை. நாள்தோறும் கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் வேண்டும். நோய்ப்பட்டவனுக்கு டாக்டர்கள் 30 முதல் 50 வரை கொடுக்கச் சொல்வார்கள். குறைந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வலிக்கும், நடக்க மறுக்கும், ஈறில் ரத்தம் வரும், முடி சொரசொரப்பாகும். பெல்லட் பையின் மேல் வைட்டமின் சி சேர்த்தது என்று அச்சிட்டிருக்கலாம், ஆனால் தயாரித்து மூன்று மாதம் ஆனால் அதில் பெரும்பகுதி போய்விடும். நம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் திறந்த பையில் இன்னும் சீக்கிரம் போகும். தண்ணீர்ப் புட்டியில் சொட்டு விடும் மருந்தும் வீண்தான். சில மணி நேரத்தில் கெடும், ருசி மாறுவதால் தண்ணீரையே குடிக்காமல் விடுவான்.

நல்லவேளையாக, இப்போது கொய்யா காலம். சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் குவித்துப் போட்டிருப்பார்கள், உங்கள் வெருலத்திலும் கிடைக்கும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் அதில் கால் பங்குதான். சர்க்கரை இருப்பதால் கட்டைவிரல் நகம் அளவு இரண்டு துண்டு போதும். சிவப்புக் குடைமிளகாய் தினசரிக்கு இன்னும் ஏற்றது, 10 கிராம் கொடுத்தாலே ஒரு கிலோ எடையுள்ளவனின் அன்றாடத் தேவை முடிந்துவிடும். கொத்தமல்லித் தழை, இங்கே நாம் தனியா என்று கேட்டு வாங்குவோமே, அது பசியைக் கிளப்பும். அதில் வைட்டமின் அவ்வளவு இல்லை, ஆனால் வாசனைக்கே வாயைத் திறப்பான். மருந்துக் கடையில் சாதாரண வைட்டமின் சி மாத்திரை வாங்கிப் பொடித்து, சிரிஞ்சில் சொட்டுத் தண்ணீரோடு கொடுக்கலாம். அளவை டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பல வைட்டமின் கலந்த மாத்திரை வேண்டாம், ஏ-யும் டி-யும் கூடிப்போனால் விஷம். எக்ஸ்ரே வரும் முன்பே இன்றைக்கே தொடங்கக்கூடிய சிகிச்சை இது ஒன்றுதான். குறைபாடு இல்லாவிட்டாலும் மிஞ்சியது மூத்திரத்தில் போய்விடும்.

கால்சியம் கொடுத்தால் கால் வரும் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடிபடாமலே திடீரென்று கால் விழுந்த சில கினிப்பன்றிகள் திரவக் கால்சியம் கொடுத்த சில நாளில் எழுந்தன என்று நீண்ட காலமாக வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். சில டாக்டர்களும் ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். நான் அதை மறுக்க மாட்டேன். ஆனால் மூத்திரக் கல்லும் பெரும்பாலும் கால்சியத்தால் ஆனதுதான். என் கருப்பிக்கு அன்று கண்ணை மூடிக்கொண்டு கால்சியம் கொடுத்திருந்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆகியிருக்கும். எக்ஸ்ரேயில் கல் இல்லை என்று தெரிந்த பிறகு டாக்டரிடம் கேளுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

மூத்திரம். கால் விழுந்தபோது சிலருக்கு மூத்திரப் பையும் செயலிழக்கும். அடியில் வைத்த துணி நனைகிறதா என்று பாருங்கள். வெள்ளைத் துணி போட்டால் நன்றாகத் தெரியும். 12 மணி நேரம் ஒரு சொட்டும் இல்லை, அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரி இறுக்கமாகத் தட்டுப்படுகிறது என்றால் ஞாயிறானாலும் அவசர மருத்துவமனைதான். பையை மெதுவாக அழுத்தி மூத்திரத்தை வெளியேற்றும் முறை இருக்கிறது. டாக்டர் உங்கள் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தால் தினமும் நீங்களே செய்யலாம். காட்டாமல் செய்யாதீர்கள். உள்ளே கல் இருந்தால் பை கிழிந்துவிடும்.

எந்நேரமும் சொட்டிக்கொண்டிருந்தால் வேறு கஷ்டம், தோல் வெந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பின்பக்கத்தை மட்டும் கழுவி, ஒத்தி ஒத்தித் துடைத்து முழுவதும் காய வையுங்கள். நாப்பிப் புண்ணுக்குப் போடும் துத்தநாகக் களிம்பு வேண்டாம், நக்கிவிடுவான். பின்பக்க முடியைக் கத்தரித்துவிட்டால் பாதி வேலை குறையும். வெயில் காலம் வரை பொரி இருந்தால் ஈக்களை நினைவில் வையுங்கள். நனைந்த முடியில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும், டர்பன் கோடையில் அதை நான் பலமுறை கழுவியிருக்கிறேன்.

ஆண் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு யாரும் சொல்வதில்லை. வயதான ஆண் கினிப்பன்றிக்கு ஆசனவாய்த் தசை தளர்ந்து, மென்மையான புழுக்கை அங்கேயே உருண்டையாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கால் இல்லாதவனுக்கு இது இன்னும் அதிகம். தினமும் தூக்கிப் பாருங்கள். சேர்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சாலோ, கொஞ்சம் எண்ணெய் தொட்டோ மெதுவாக மேலே தள்ளினால் வந்துவிடும். கினிப்பன்றிகள் குனிந்து தங்கள் மென்புழுக்கையை நேராக வாயில் எடுத்துச் சாப்பிடும், அதில்தான் பி வைட்டமின்கள் இருக்கின்றன. பொரியால் இப்போது குனிய முடியாது. வெளியே வரும் மென்புழுக்கையை அவன் வாயருகே காட்டுங்கள், வாங்கிக்கொள்வான். அருவருப்பாக இருந்தாலும் அது அவனுக்கு மருந்து.

மருந்து விஷயத்தில் மூன்று எச்சரிக்கை. நமக்கு வாங்கிய வலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள், கூடாது. ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகைகளை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் செத்து, விஷக் கிருமி பெருகி, சில நாளில் உயிரே போகும். நாய்க்கும் பூனைக்கும் தினமும் எழுதும் மருந்து என்பதால் பழக்கத்தில் எழுதிவிடும் டாக்டர்கள் உண்டு. ஒருமுறை என் கையாலேயே அப்படி ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாசல் தாண்டுவதற்குள் ஓடிப்போய்த் திரும்ப வாங்கினேன். மூன்றாவது, மெலோக்சிகம் என்ற வலி மருந்தைக் கொடுக்கும்போது கூடவே ஸ்டீராய்டும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரும். மெலோக்சிகம் தனியாக நல்ல மருந்து, பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள்.

இந்த நாட்டில் கால்நடை மருத்துவப் பீடம் ஒன்றே ஒன்றுதான், பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டபோர்ட். நம் டாக்டர்கள் பெரும்பாலும் அங்கே படித்தவர்கள். வேலைக்கு வந்த பிறகு பார்ப்பது நாய், பூனை, மாடு. கினிப்பன்றி மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். அதனால் திங்கள் போகும் முன் போன் செய்து, கினிப்பன்றி, முயல் அடிக்கடி பார்க்கும் டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் யாரிடம் அனுப்புவார்கள் என்றும் கேளுங்கள். நல்ல டாக்டருக்கு இது கோபம் தராது. எக்ஸ்ரே இரண்டு கோணத்தில் வேண்டும், மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, மூத்திரப் பையும் படத்தில் விழ வேண்டும். பட்டினி போட்டுக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மயக்க மருந்துக்கு முன் நாயைப் பட்டினி போடுவார்கள், கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினிதான் அதற்குக் கெடுதல். கடலையையும் அதே பெட்டியில் கூட்டிப் போங்கள், நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் மோத மாட்டார்கள். துணை பக்கத்தில் இருந்தால் பொரி வழியில் சாப்பிடுவான்.

வீட்டிலும் அப்படித்தான். முழுவதும் பிரிக்காதீர்கள். நடுவில் ஒரு கம்பித் தட்டி, மூக்கோடு மூக்கு தொடும்படி இருக்கட்டும். கடலை அவன் மேல் ஏறி மிதிக்காமல், சாப்பாட்டில் பங்கு பிடுங்காமல் இருந்தால் நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் சேர்த்தே விடலாம். ஆறு ஆண்டு ஒன்றாகத் தூங்கியவர்கள். ஒருவன் புல் மெல்லும் சத்தம் கேட்டால் மற்றவனும் மெல்லுவான்.

குணமாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எலும்பு முறிந்து, ஆழ்ந்த வலியும் உணரவில்லை என்றால் நம்பிக்கை மிகக் குறைவு. அப்போது டாக்டர் சொன்ன வழி சரியானதுதான், தள்ளிப்போடாதீர்கள். வைட்டமின் குறைபாடு என்றால் நல்ல வாய்ப்பு. கல் என்றால் அறுவைச் சிகிச்சையை 6 வயது உடம்பு தாங்குமா என்பது எடையையும் இதயத்தையும் பொறுத்தது. முதுகெலும்புத் தேய்மானம், நரம்பு வீக்கம், சவ்வு பிதுங்கல் என்றால் ஓய்வும் வலி மருந்தும் கொடுத்து இரண்டு வாரம் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஒரு விரல் அசைந்தாலும் அது நல்ல சேதி, முழுவதும் வர ஆறு வாரம்கூட ஆகலாம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு நாளைக்கு மூன்று தரம், ஐந்து நிமிடம், சைக்கிள் மிதிப்பது மாதிரி காலை மடக்கி நீட்டலாம். ஒரு துண்டை வயிற்றுக்கடியில் தொட்டில் போலக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, பாதம் தரையில் படும்படி நிற்க வைக்கலாம். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் மூன்று மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்ற வேண்டும்.

கால் வராமலே போனாலும் வாழ முடியும். எங்கள் மருத்துவமனைக்கு வந்த ஒருவன், பின்பக்கம் முழுவதும் செத்த நிலையில், ஏழு மாதம் முன்னங்காலால் இழுத்துக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டி திறக்கும் சத்தத்துக்கு வீல் வீல் என்று கத்திக்கொண்டு இருந்தான். அவனைக் கவனித்தது ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, வீட்டில் எப்போதும் ஆள் இருந்தது. உங்கள் வீட்டில் பகலில் யார் இருப்பார்கள் என்பதும் இதில் ஒரு கேள்விதான். அதை யோசிப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை.

எப்போது போதும் என்று முடிவு செய்வது? நான் காலைப் பார்க்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். கண் பாதி மூடி, முடி சிலிர்த்து, கூனிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தபடி இருந்தால் அது வலி. மருந்து கொடுத்தும் அப்படியே இருக்கிறான், பிடித்த கொத்தமல்லியை மோந்துவிட்டு முகத்தைத் திருப்புகிறான், ஊட்டியும் எடை தினமும் இறங்குகிறது என்றால், இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதலில் மயக்க வாயு கொடுத்து, அவன் தூங்கிய பிறகு ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் பக்கத்தில் இருக்கலாமா என்றும் முன்பே கேட்டு வையுங்கள். முடிந்த பிறகு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கடலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வையுங்கள். மோந்து பார்க்கும், நக்கும், பிறகு விலகிப்போகும். பார்க்காமல் விட்டால் பல நாள் தேடிக் கத்தும்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ‘தூங்க வைக்கப்போகிறோம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் அவள் தூங்கப் பயப்படுவாள். பொரிக்கு உடம்பு சரியில்லை, கால் வேலை செய்யவில்லை, டாக்டர் படம் எடுத்துப் பார்ப்பார், சரியாகலாம், சரியாகாமலும் போகலாம் என்று சொன்னால் 9 வயதுக்குப் புரியும். அவள் கையில் ஒரு வேலை கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம், எடை, எத்தனை மில்லிலிட்டர் சாப்பிட்டான், துணி நனைந்ததா, புழுக்கை எத்தனை என்று அவள் எழுதட்டும். திங்கட்கிழமை அந்த நோட்டை அவளே டாக்டர் மேசையில் வைக்கட்டும். நான் வேலை பார்த்த காலத்தில் குழந்தைகள் எழுதிக் கொண்டுவந்த கணக்குதான் பெரியவர்கள் சொன்னதைவிடச் சரியாக இருக்கும்.

எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள் தம்பி, அடுத்தது என்ன என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். இப்போதைக்கு அவனை ஒரு முறை எடை போட்டு, நோட்டில் முதல் வரியை எழுதிவிட்டு, பெல்லட்டை ஊறப் போடுங்கள்.